தண்ணீர் ஊற்றாத வருஷம்

என் வீட்டுக்காரர் சுப்பையாவுக்குப் பொய் சொல்லவே தெரியாது என்று ஊரே சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு டாக்டரிடம் அவர் விடாமல் பொய் சொன்னதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

பாகான் டாலாமில் பிறந்தவர். முப்பது வருஷம் ஃபேக்டரி வேன் ஓட்டினார். ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி, வேலைக்குப் போகிற பெண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸில் இறக்கிவிடுவார். காய்ச்சலுக்குக்கூட லீவு எடுக்கமாட்டார், தைப்பூசத்துக்கு மட்டும் எடுப்பார். எங்கள் மகள் காமினி ஏழாம் மாதத்திலேயே பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் இருபத்தொரு வருஷம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். மூன்று வருஷம் என்று சொல்லியிருந்தால் முருகன் வேண்டாமென்றா சொல்லியிருப்பான்? இந்த மனுஷருக்கு எதிலுமே அளவு கிடையாது, கோப்பியில் போடும் சீனி உட்பட.

தைப்பூசத்தில் என் வேலை தண்ணீர் ஊற்றுவது. முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் சாலை மத்தியானத்தில் தோசைக்கல்லாகக் காயும். வெறுங்காலோடு வருகிறவர்கள் எல்லாம் சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைத் தேடித் தேடிக் கால் வைப்பார்கள். கறுப்புத் தாரைவிட அதில் சூடு கொஞ்சம் குறைவு. காவடி தூக்குகிறவருக்கு அந்த வசதி ஏது? நான் இரண்டு பெரிய போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அவர் அடுத்த அடி வைக்கும் இடத்தில் ஊற்றிக்கொண்டே போவேன். "ஊத்து புஷ்பா, ஊத்து ஊத்து" என்று அவசரப்படுத்துவார்.

பத்தொன்பதாவது வருஷம் தண்ணீர் வேண்டாம் என்றார்.

"சுடவே இல்ல புஷ்பா. புல்லு மேல நடக்கிற மாதிரி இருக்கு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடுத்த வருஷமும் அப்படியே நடந்தார். நான் சும்மா இருந்தேனா? பாசாரில் மீன் வாங்கும்போதுகூட, "எங்க வீட்டுக்காரர் காலுக்கடியில முருகன் கைய வச்சுத் தாங்குறான்லா" என்று பெருமையடித்தேன். மீன்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவர் பாசாரிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார்.

"இன்னொண்ணு எங்கங்க? கழண்டு விழுந்ததுகூடவா தெரியல?"

குனிந்து காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். காமினி சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவருக்குச் சீனி வியாதி. ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார். மறுநாளே காமினி எங்களைக் கிளினிக்குக் கூட்டிப்போய் நம்பர் எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

டாக்டர் இமான் சின்ன வயசு மலாய்ப் பெண். சிலுவாரை முட்டிவரை சுருட்டச் சொன்னாள். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், காலில் படும்போதெல்லாம் 'யா' என்று சொல்லுங்கள் என்றாள். இழை வளையும்வரை உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாக அழுத்தினாள். இவர் "யா, யா" என்று தாளம் போட்டார். ஓரிடத்தில் அவள் இழையைக் காலில் படவிடாமல் அந்தரத்திலேயே நிறுத்தினாள். அதற்கும் "யா" என்றார்.

பிறகு ஓர் இரும்புக் கவையைத் தட்டினாள். 'ஙொய்' என்று சத்தம் வந்தது. அதன் காம்பைக் கால் கட்டைவிரலில் வைத்து, அதிர்கிறதா என்று கேட்டாள். அதிர்கிறது என்றார். அடுத்த தடவை தட்டிவிட்டு, சத்தமில்லாமல் கையால் பிடித்து நிறுத்திவிட்டு வைத்தாள். அதற்கும் அதிர்கிறது என்றார். டாக்டர் கோபப்படவில்லை. மறுபடி தட்டி மணிக்கட்டு எலும்பில் வைத்தாள். இவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். அதிர்வு எப்படியிருக்கும் என்பதே அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போலும். கணுக்காலுக்குப் பின்னால் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். பாதம் துள்ளவில்லை.

சீனி ஏறி ஏறி, கணுக்காலுக்குக் கீழே நரம்பு செத்துவிட்டது என்றாள். வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக்கூடாதாம். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டுமாம்.

"இது வியாதி இல்ல டாக்டர், சாமி கொடுத்தது" என்று மலாயில் சொன்னார் இவர். "வேணும்னா என் பொண்டாட்டியக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தாள். தொடாத இழைக்கு அவர் 'யா' சொன்னதை நான் பார்த்திருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். பாவி நான், "ஆமா டாக்டர், ரெண்டு வருஷமா அப்படித்தான்" என்றேன். பாசாரில் அவ்வளவு பேசியாயிற்றே, அதை எப்படித் திரும்ப விழுங்குவது?

படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி புஷ்பா. அத முடிச்சிட்டா அப்புறம் அந்தப் பொண்ணு சொல்றபடி கேக்குறேன். காமினிகிட்ட சொல்லாத."

சீனி கொஞ்சம் கூடியிருக்கிறதாம் என்று மட்டும் காமினியிடம் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்துத் தைப்பூசம். அந்த வருஷம்போல் வெயிலை நான் பார்த்ததில்லை. வெள்ளைக் கோட்டில் நின்றும்கூட என் கால் கொதித்தது. இவர் நட்டநடுத் தாரில் சிரித்த முகத்தோடு நடந்தார். என் கையில் இரண்டு போத்தலும் மூடியபடியே இருந்தன. திறந்து ஊற்றியிருந்தால் யார் என்ன சொல்லியிருப்பார்கள்? ஊற்றவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான் ஊற்றவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். காலடியில் பாய் ஈரமாக இருந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். காய்ச்சிய பாலில் ஆடை ஒதுங்குவதுபோலத் தோல் ஒதுங்கிக் கிடந்தது.

"என்ன பாக்குற?" என்று சாவதானமாகக் கேட்டார்.

காமினி கண்ணில் படாமல் மஞ்சள் வைத்தோம், திருநீறு வைத்தோம். வலியில்லாத புண்ணுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று பத்து நாள் ஓடிவிட்டது. காய்ச்சல் வந்து பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதலில் வலது காலில் இரண்டு விரல் போனது. அடுத்த வாரம் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காமினி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வருஷத் தைப்பூசத்தை வீட்டில் உட்கார்ந்து காமினியின் போனில் பார்த்தோம். மத்தியானம். உறுமிச் சத்தத்தோடு காவடிகள் வந்துகொண்டிருந்தன. திடீரென்று இவர் தொடையைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார்.

"சுடுது புஷ்பா. பாதம் சுடுது."

"எந்தப் பாதம்ங்க?"

இல்லாத பாதம். இப்படி வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கால் போனது மூளைக்கு இன்னும் தெரியாதாம், அறுந்த நரம்பு மேலே சேதி அனுப்பிக்கொண்டே இருக்குமாம். இருந்த காலத்தில் தாரின் சூட்டைச் சொல்லாத பாதம், போன பிறகு சொல்ல வந்திருக்கிறது.

காமினி மாத்திரை எடுக்க ஓடினாள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "தாரு மாதிரி சுடுதுடி, தண்ணி ஊத்து" என்றார்.

போத்தலை நிரப்பி எடுத்துவந்தேன். நாற்காலிக்கு முன்னால், அந்தப் பாதம் இருந்திருக்கவேண்டிய இடத்தில், சிமெண்டுத் தரையில் மெதுவாக ஊற்றினேன். தண்ணீர் அலமாரிக்கடியில் ஓடியது.

"அம்மா, என்ன பண்றீங்க!" என்று காமினி அழுதாள்.

"ஆறுதாங்க?" என்று கேட்டேன்.

"யா" என்றார். "ஆறுது புஷ்பா. ஜில்லுன்னு இருக்கு."

கண்ணை இறுக்க மூடியிருந்தார். டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அதே முகம். எனக்காகத்தான் சொல்கிறார் என்று தெரிந்தும், போத்தல் காலியாகும்வரை ஊற்றினேன்.