சுண்டெலி பளுவை விட்ட கதை

என் பேத்தியை வீட்டில் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவோம். ஆள் அவ்வளவுதான் இருப்பாள். மருத்துவமனைத் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை. ஈரப் போர்வை மூட்டையை இரண்டு ஆண்கள் முக்கி முனகிப் பிடிக்கும் இடத்தில், இவள் தனியாகத் தூக்கித் தள்ளுவண்டியில் போடுவாள். அதைப் பார்த்த காவலாளிதான் இவளைப் பளுதூக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு மாஸ்டர். தகப்பன் இல்லாத பிள்ளை என்று தெரிந்ததிலிருந்து வாய்க்கு வாய் "மகளே" என்பார். ஏழு வருடம் அவர் கிழித்த கோட்டை இவள் தாண்டியதில்லை. மாஸ்டருடைய அண்ணன் மகளும் அங்கேதான் பழகினாள். அவளுக்குக் கம்பியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். இருவரும் ஒரே எடைப் பிரிவு. அணியில் இடமோ ஒன்றே ஒன்று.

தேர்வு நாளில் நானும் போயிருந்தேன். எனக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. தட்டின் நிறம் தெரியும். ஒரே இழுப்பில் தலைக்கு மேலே தூக்குவதில் சுண்டெலியின் முதல் எடை எப்போதும் பக்கத்துக்கு ஒரு சிவப்புத் தட்டு. அதை அட்டையில் எழுதிக் கொடுப்பது மாஸ்டர் வேலை. மேடையில் ஏறிய எடை அப்புறம் இறங்காது. மூன்று வாய்ப்பையும் அதிலோ அதற்கு மேலோதான் பார்க்க வேண்டும். அன்றைக்குச் சிவப்பை ஒட்டி வெள்ளைத் தட்டும் இருந்தது. பயிற்சியில்கூட அவள் அவ்வளவு தூக்கியதில்லை.

கம்பிவரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "மாஸ்டர், இது..."

"உன்னால முடியும் மகளே. நான் இருக்கேன்ல, போ."

போனாள். மூன்று முறையும் கம்பி கீழே விழுந்தது. முட்டை. அண்ணன் மகள் வெறும் சிவப்புத் தட்டில் ஆரம்பித்து அணிக்குப் போய்விட்டாள்.

"உன் நல்லதுக்குத்தான் கூட்டி எழுதினேன்" என்றார் மாஸ்டர், இவள் முகத்தைப் பார்க்காமல். யாராவது ஒருவருக்குத்தானே கிடைக்கும் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சுதான் உண்மை.

ஒரு மாதம் கழித்து அவள் வேறொரு கூடத்தில் சேர்ந்தாள். சுவரெல்லாம் கண்ணாடி. உடம்பைச் செதுக்குகிற இடமாம். சொல்லித்தருபவனுக்கு மொட்டை என்று பெயர். முதல் நாளே இவள் பழக்கத்தில் இரும்புக் குண்டை வெடுக்கென்று தூக்கித் தடாலென்று போட்டாள். தரை ஓடு பிளந்துவிட்டது.

"அக்கா! இங்க தூக்கினதைக் கீழ போடக் கூடாது. அப்படி என்ன அவசரம், பஸ்ஸைப் புடிக்கணுமா?"

"வேகமா இழுக்கலன்னா எப்படி மேல போகும்?"

"மேல போனா என்ன, போகாட்டி என்ன? மெதுவா இறக்குங்க. கை எரியுதா? அதான் வேணும்."

வீட்டுக்கு வந்து சொன்னாள்: "பாட்டி, அங்க எத்தனை கிலோன்னு யாரும் கேக்கறதில்ல. அட்டையும் கிடையாது."

நாலே மாதத்தில் சட்டைக் கை கிழிகிற அளவுக்குத் தோள் ஏறிவிட்டது. "இனிமே உனக்கு வேலை செய்யற இடத்துப் போர்வையைத்தான் சுத்தணும்டி" என்றேன். சிரித்தாள்.

ஆனால் பெஞ்சில் படுத்து நெஞ்சுக்கு மேலே கம்பியைத் தள்ளும் பயிற்சி ஒன்று உண்டு. தலைமாட்டில் ஒருவர் நின்றுகொள்வார். கை தளர்ந்தால் கம்பியைப் பிடிப்பதற்கு. மொட்டை வந்து நின்றதும் இவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம்.

"நீங்க தள்ளி நில்லுங்க."

"கம்பி கழுத்துல விழுந்தா?"

"விழாத அளவுக்குத்தான் போட்டுக்குவேன்."

"அப்படின்னா இதுக்கு மேல ஏறவே முடியாதுக்கா. நான் புடிச்சுக்கறேன், நம்புங்க."

"அதைத்தான் சொல்லாதீங்க."

பழசை மறந்துவிடு என்கிறாள் அவளைப் பெற்றவள். நான் சொல்ல மாட்டேன். போன வாரம் நானே போய்ப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான். அதையே தள்ளிக்கொண்டிருந்தாள். மொட்டை நல்ல பிள்ளை. எதிர்ச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.