முன்சீட்டில் உட்கார்ந்த பை

குகனேஸ்வரன் இருபத்தேழு வருடம் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டியவர். பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மலைப்பாதையில் ஒரு கண்ணாடியைக்கூட உரசாதவர். ஓய்வு பெற்ற பிறகு, தோட்டத்து லயன் வீடுகளில் இருந்த பிள்ளைகள் மூன்று பேரைத் தன் காரில் தானா ராத்தா பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். "குகன் அண்ணன் காடியா? அப்ப பயம் இல்லலா" என்று தாய்மார்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தால், விழாத மாதிரி நடந்து போவார். ஆனால் மெதுவாகத்தான் நடப்பார்.

மூவரில் அகிலனும் சசிரேகாவும் அண்ணன் தங்கை. பின்சீட்டில் உட்கார்ந்ததுமே அடிதடி தொடங்கிவிடும். அதற்காகவே குகனேஸ்வரன் இருவரையும் பெல்ட்டு போட்டு ஆளுக்கொரு ஓரமாகக் கட்டி வைப்பார். மூன்றாவது பிள்ளை எவலின், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஜோனத்தனின் மகள், ஏழு வயது. அவளால் சண்டையில்லை. ஆனால் கோயில் வளைவைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள்.

மலையில் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வாந்தி எடுக்கிற பிள்ளையை முன்சீட்டில் வைப்பது. எதிரே ரோடு தெரிந்தால் குமட்டாது. எவலினையும் முன்னால் வைத்தார், வாந்தி நின்றது. அன்றிலிருந்து முன்சீட்டு அவளுடையது.

சென்ற வருடம் பழைய காரைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் புதிதான ஒன்றை வாங்கினார். முன்னால் இரண்டு ஏர்பேக். வாங்கிய அன்றே ஜோனத்தனைக் கூப்பிட்டு டாஷ்போர்டைத் தட்டிக் காட்டினார்.

"பாத்தியா தம்பி, ஏர்பேக் முன்சீட்டுக்குத்தான் இருக்கு. பாப்பா இருக்கற எடம்தான் காடியிலேயே பத்திரமான எடம்."

புது காரில் ஒரு தொல்லை இருந்தது. பெல்ட்டு போடாமல் உட்கார்ந்தால் விடாமல் கத்தும். போட்டால் எவலினின் கழுத்தை அறுக்கும். அதனால் பெல்ட்டை அவள் முதுகுக்குப் பின்னால் இழுத்து மாட்டிவிட்டார். சத்தம் நின்றது. திடீரென்று பிரேக் போட வேண்டி வந்தால், இடது கையை நீட்டி அவள் நெஞ்சை அணைத்துக்கொள்வார். அந்தக் கை தவறியதே இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை, ஷூவை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள் எவலின்.

"வாங்க வாந்தி ராணி! பிளாஸ்டிக் பை கொண்டாந்தீங்களா?" என்றார் குகனேஸ்வரன்.

பின்னால் இருந்த இரண்டும் கெக்கலித்தன. எவலினின் முகம் உப்பிவிட்டது.

"நான் ஒன்னும் ராணி இல்ல. உங்க பக்கத்துல உட்கார மாட்டேன் அங்கிள். என் பை உட்காரட்டும்."

சொன்னவள் பள்ளிக்கூடப் பையை முன்சீட்டில் நிறுத்தி வைத்துவிட்டுப் பின்னால் ஏறினாள்.

"ஐயோ அங்கிள், என் சட்டையில எடுப்பா!" என்று அகிலன் அலறினான்.

"ஒரு நாளுதானடா. வாய மூடு" என்று நடுவில் அவளை உட்கார்த்தி, மூவருக்கும் பெல்ட்டை மாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

கியா பார்ம் கடைகளுக்கு முன் பனி கட்டியாக நின்றது. வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. வளைவில் திரும்பியதும் நடுரோட்டில் கோஸ் ஏற்றிய லோரி ஒன்று விளக்கில்லாமல் நின்றுகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தார். பழக்கத்தில் இடது கை தானாகப் பக்கத்துச் சீட்டுக்குப் பாய்ந்தது. அதற்குள் காரின் முன்பக்கம் லோரியில் இடித்தது.

வெடிச் சத்தம். வெள்ளைப் புழுதி. தீபாவளிப் பட்டாசு நாற்றம். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. நீட்டிய கை யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரிப் பின்னால் பறந்து சீட்டின் முதுகில் மோதியது.

"எவலின்!" என்று இடப்பக்கம் பார்த்துத்தான் கத்தினார்.

பதில் பின்னாலிருந்து வந்தது. "அங்கிள், நான் வாந்தி எடுக்கல."

மூன்று பிள்ளைகளும் பெல்ட்டில் தொங்கியபடி விழித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடி இடப்பக்கம் பார்த்தார். பை சீட்டில் இல்லை. பிரேக்கில் டாஷ்போர்டு வரை சரிந்து போயிருக்கிறது. அங்கே வைத்துத்தான் ஏர்பேக் அதை அடித்திருக்கிறது. பையின் வாய் கிழிந்து, அதிலிருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் மேலே பாய்ந்து, முன்கண்ணாடியில் சிலந்திவலை போல ஒரு விரிசல். கதவைத் திறக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குத் தோளில் பெல்ட்டு பதிந்த சிவப்புக் கோட்டைத் தவிர ஒன்றுமில்லை. அவருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் போட வந்த நர்ஸ், மிஸ்ஸி தங்கம்மா கேட்டாள்.

"முன்னால யாரு உட்கார்ந்திருந்தா?"

"என் பை" என்றாள் எவலின், மடியில் அதை வைத்துக்கொண்டு.

தங்கம்மா பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். வயிற்றுப் பகுதி உள்ளே குழிந்து போயிருந்தது. எவலினைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு செண்டிமீட்டர்.

"மத்த நாள்ல?"

குகனேஸ்வரன் தரையைப் பார்த்தார். "இவதான் மிஸ்ஸி. ஏர்பேக் இருக்கேன்னுதான்... பிரேக் போட்டா கையால புடிச்சுக்குவேன்."

"அது பெரியவங்க நெஞ்சு உயரத்துக்குச் செஞ்சது. கண்ணு இமைக்கறதுக்குள்ள வெடிச்சு வெளிய வரும். இவளுக்கு நெஞ்சு இல்ல, மொகமும் கழுத்தும்தான் அந்த எடத்துல இருக்கும். பெல்ட்டு இல்லாட்டி பிரேக்குலேயே அதுமேல போய் விழுந்திருப்பா." கட்டை இறுக்கினாள். "இந்தக் கைய வச்சா புடிச்சிருப்பீங்க?"

"அப்ப எந்த வயசுலதான் முன்னால வைக்கலாம்?"

"பன்னெண்டு முடியட்டும். வயசு மட்டும் பத்தாது. சீட்டுல முதுகு ஒட்டி உட்கார்ந்தா முட்டி விளிம்புல மடங்கணும். பெல்ட்டு தோள்மேல போகணும், கழுத்துல இல்ல. இடுப்பெலும்புமேல இருக்கணும், வயித்துல இல்ல. அதுவரைக்கும் பின்னால, உயரம் குடுக்கற பூஸ்டர் சீட்டு போட்டு. நடுவுல வைங்க, ரோடு தெரியும். அப்பவும் எடுத்தா எடுக்கட்டும். தொடச்சா போச்சு."

அப்போது ஜோனத்தன் தொழிற்சாலை உடுப்போடு, தலையில் தேயிலைத் தூள் அப்படியே இருக்க ஓடிவந்தான். மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, குகனேஸ்வரனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க ஓட்டினதாலதான் அண்ணே பொழச்சா. வேற எவனாச்சும்னா பள்ளத்துல எறக்கியிருப்பான். காடி சரியானதும் முன்னாலயே ஏத்திக்கங்க, பின்னால வச்சா நாறடிச்சிடுவா."

தங்கம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பேசாமல் இருந்தால் இருபத்தேழு வருடத்துப் பெயர் அப்படியே நிற்கும். குகனேஸ்வரனுக்கு அது தெரிந்தேதான் இருந்தது.

பாட்டிலை எடுத்து ஜோனத்தன் கையில் வைத்தார்.

"இது பாப்பா உட்கார்ற எடத்துல இருந்துச்சு தம்பி. பெல்ட்ட நான் தெனமும் அவ முதுகுக்குப் பின்னாலதான் மாட்டுவேன், கத்தாம இருக்க. இன்னிக்கு நான் கிண்டல் பண்ணேன், கோவிச்சிக்கிட்டுப் பின்னால போயிட்டா. இல்லன்னா..."

ஜோனத்தன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே போயிருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

ஆறு வாரம் கழித்து மணிக்கட்டுக் கட்டைப் பிரித்தார்கள். காரும் சரியாகி வந்தது. அதற்குள் லயம் முழுக்கக் கதை தெரிந்திருந்தது. குகனேஸ்வரன் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பின்சீட்டில் மட்டும்தான் ஏற்றுவேன், எல்லாருக்கும் பெல்ட்டு, குள்ளமான பிள்ளைக்குப் பூஸ்டர், சம்மதமென்றால் அனுப்புங்கள். அகிலன் வீட்டில் சரி என்றார்கள். ஜோனத்தன் கதவைத் திறந்து கேட்டுவிட்டு, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி மூடிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை அகிலனையும் சசிரேகாவையும் ஏற்றிக்கொண்டு, போகலாமா நிற்கலாமா என்று அவர் இஞ்சினை ஓடவிட்டிருந்தபோது, ஜோனத்தன் ஒரு கையில் மகளும் மறு கையில் பூஸ்டர் சீட்டுமாக வந்தான். பின்கதவைத் திறந்து, நடுவில் சீட்டை வைத்து, அவளை உட்கார்த்தி, பெல்ட்டைத் தோள்மேல் இழுத்து மாட்டினான். மூன்று தடவை இழுத்துப் பார்த்தான்.

"இனிமே உங்க கைய நம்பல அண்ணே. இந்த பெல்ட்ட நம்பி அனுப்பறேன்."

"அதத்தான் நம்பணும்" என்றார் குகனேஸ்வரன்.

கோயில் வளைவில் எவலின் வாந்தி எடுத்தாள். அகிலன் அலறினான். குகனேஸ்வரன் ஓரங்கட்டி இறங்கி, ஈரத்துணியால் துடைத்து, வாய் கொப்பளிக்க வைத்து, அகிலன் சட்டையையும் துடைத்துவிட்டு, பெல்ட்டை மறுபடி மாட்டி இழுத்துப் பார்த்தார்.

"முன்னால வரட்டா அங்கிள்?" என்றாள் எவலின்.

"முட்டி மடங்கட்டும், வரலாம்."

பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது மணி அடித்து எட்டு நிமிடம் ஆகியிருந்தது.