நான் நிறுத்திவைத்த அலைக் கணக்கு

அம்மா போன பிறகு, விருத்தாசலத்தில் பீங்கான் ஆலைகளுக்குப் பின்னால் உள்ள வீட்டில் தனியாக இருந்தபடியே காலநிலைக் கணினி மாதிரியில் வேலை செய்கிறேன். மலையில் மோதும் காற்று அலையலையாக மேலேறி, உயரத்தில் வீசும் காற்றின் வேகத்தைக் குறைக்கும். அந்த அலைகள் மாதிரியின் கட்டங்களில் அகப்படாத அளவு சிறியவை. அதனால் தோராயக் கணக்காகச் சேர்ப்போம்.

ஒருமுறை மாதிரியில் மேல்காற்று கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தது. உடன் வேலை செய்யும் கம்மாபுரத்துச் செல்வி தந்த தரவுதான் தப்பு என்று மூன்று நாள் போனில் திட்டினேன். நான்காம் நாள் பார்த்தால், சோதனைக்காக அலைக் கணக்கை நிறுத்திவைத்து மறந்தவன் நானே.

கூசிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க நிறுத்தி வெச்சது மொத நாளே தெரியும் சார். திட்டறதுக்காவது யார்கிட்டயாவது பேசுறீங்களேன்னு வுட்டுட்டேன்."

இப்போது பிழை இல்லாத நாட்களிலும் அவரை அழைக்கிறேன்.