‘அணைச்சுப்போடு’வும் டைப்பிஸ்ட் அக்காவின் லேப்டாப்பும்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கட்டிய மனைவிகூட அதை மறந்துவிட்டாள். நாலு தெருவுக்கும் அவன் ‘அணைச்சுப்போடு’தான். வீடுகளுக்கு இன்டர்நெட் வயர் இழுத்துப் பெட்டி மாட்டுகிற வேலை. நெட் வரவில்லை என்று யார் போன் செய்தாலும் முழுதாகக் கேட்க மாட்டான். “பெட்டியை அணைச்சுப் போடுங்க” என்பான், வைத்துவிடுவான். பத்துப் பேரில் ஏழு பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். அந்த ஏழு பேர் கொடுத்த திமிரில், மீதி மூன்று பேரையும் முட்டாள்கள் என்று முடிவு கட்டியிருந்தான்.

எட்டாம் வகுப்போடு அவன் பள்ளிக்கூடத்தை விட்டான். பள்ளிக்கூடமும் நிம்மதியாக மூச்சுவிட்டது. கம்பத்தில் ஏறி டி.வி. கேபிள் கட்டினான். கேபிளுக்குக் காலம் போய் நெட்டுக்குக் காலம் வந்தபோது, அதே தோளில் வேறு வயரைச் சுற்றிக்கொண்டான். கைவேலை சுத்தம், பொய் சொல்லக் கூடாது. மூலையில் வயரை மடங்காமல் வளைத்துக் கொண்டுபோவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் வைஃபை என்றால் ஆகாது. “வயர்ன்னா எலி கடிச்சா கடிச்ச இடம் தெரியும். காத்துல வர்றதை எங்கேன்னு போய்த் தேடறது?” என்பான். தெரியாத விஷயத்தை ஏளனம் செய்தால் தெரிந்த மாதிரி ஆகிவிடும் என்பது அவன் கண்டுபிடிப்பு.

பெட்டி மாட்டி முடித்ததும் அதற்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் வீட்டுக்காரர்களையே கேட்டான். ஒருத்தர் பேத்தி பெயரை வைத்துவிட்டு, எந்தப் பேத்தி என்று மறந்துபோனார். இன்னொருத்தர் பாஸ்வேர்டைக் காலண்டரில் எழுதிவைத்து, மாதம் முடிந்ததும் கிழித்துப் போட்டார். ஆளாளுக்கு அவனைக் கூப்பிட்டு உயிரை வாங்கினார்கள். ஒரு நாள் கடுப்பாகி முடிவெடுத்தான். இனி எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர்: ‘ஹோம்’. ஒரே பாஸ்வேர்டு: அவனுடைய போன் நம்பர். யாரும் எதையும் மறக்க முடியாது, கூப்பிடவும் நம்பர் கையில் இருக்கும். இதைவிட ஒரு மூளை உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டான். முப்பத்தெட்டுப் பெட்டிகளை இப்படியே மாட்டினான்.

இரண்டாம் மாடியில் டைப்பிஸ்ட் அக்கா இருந்தார். ஒரு வக்கீல் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் தட்டச்சு செய்தவர். வக்கீல் கண்ணை மூடினார், மகன் ஆபீஸை மூடினான். அக்காவின் கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தவர். இருவருக்கும் ஒரு வருமானம் வேண்டியிருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்யும் நோயாளி விவரங்களை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை ஒன்று வந்தது. அதற்காகத்தான் புது லேப்டாப். பழைய கம்ப்யூட்டர் வயரில் ஓடியது, வயசாகிப் படுத்துவிட்டது. புதியதில் வயர் குத்த இடமே இல்லை.

வாங்கி வந்த மறுநாளே அக்கா போன் செய்தார்.

“தம்பி, புது லேப்டாப்ல நெட்டு விட்டு விட்டு வருது.”

“அணைச்சுப் போடுங்கக்கா.”

“மூணு தடவை போட்டுட்டேன்.”

“நாலாவது தடவை போடுங்க.”

திங்கட்கிழமை வேலைக்கான தேர்வு. கம்பெனிக்காரப் பெண் ஒருத்தி திரையில் பார்த்துக்கொண்டே இருப்பாள், அக்கா அடிக்க வேண்டும். ஏழு நிமிஷத்துக்குள் இரண்டு முறை அறுந்துபோனது. அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: “வியாழக்கிழமை மூணு மணிக்கு இன்னொரு தடவை பாக்கலாம் மேடம். அப்பவும் லைன் அறுந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது.”

அன்று சாயங்காலம் அணைச்சுப்போடு நேரில் வந்தான். லேப்டாப்பைச் சந்தையில் பூசணிக்காயைப் புரட்டுவதுபோலப் புரட்டினான்.

“என்னக்கா இது, வயர் குத்த ஓட்டையே இல்ல? மூக்கில்லாத மூஞ்சி. எப்படி மூச்சு விடும்?”

“இப்பல்லாம் இப்படித்தான் வருதாம். ஒண்ணு சொல்லணும் தம்பி. கடையில நெட்டு போட்டுக் காட்டினாங்க. வீட்டுக்கு வந்ததும் இது பாஸ்வேர்டே கேக்கல, தானா சேந்துகிச்சு.”

“புதுசில்ல? புத்திசாலியா இருக்கும்.”

சோபாவிலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார். “யோவ், உன் பெட்டியைவிடப் புத்திசாலியா இருக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்லையே.”

அவன் காதில் வாங்கவில்லை. அக்கா ஒரு நோட்டை நீட்டினார். எந்த நேரத்தில் அறுந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று வக்கீல் ஆபீஸ் ஒழுங்கில் கோடு போட்டு எழுதியிருந்தார்.

“நோட்டுல எழுதினா நெட்டு வருமாக்கா?” என்று சிரித்தான். பிரிக்கக்கூட இல்லை. “கடைக்காரன் டப்பாவை உங்க தலையில கட்டிட்டான். போய் மாத்துங்க. கேக்கலைன்னா நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்குங்க.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கூடத்தைக் கட்டியவனையே கோணல் என்றான். அக்கா நம்பினார். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, கையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பவன் எதைச் சொன்னாலும் வேதவாக்கு.

செவ்வாய்க்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் குரல் உயராத மனிதர். அங்கேயே போட்டுப் பார்த்தார். அங்கேயும் அறுந்தது. “எங்க நெட்டும் கொஞ்ச நாளா சரியில்லம்மா” என்றார். சாக்கு என்று நினைத்தார் அக்கா. இருபத்திரண்டு வருஷம் வாய் திறக்காமல் தட்டச்சு செய்த பெண்மணி, கடை நிறைய ஆட்கள் இருக்க அந்த மனிதரைத் திருடன் என்றார். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, “வியாழன் சாயங்காலம் வேற புதுசு வந்துடும், மாத்தித் தர்றேன். அதுவரைக்கும் இதையே வெச்சுக்கங்க” என்றார். வியாழன் சாயங்காலம் வந்து என்ன பயன்? தேர்வு மூன்று மணிக்கு.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அணைச்சுப்போடு வந்து சேர்ந்தான். அக்கா குளித்து, தலைவாரி, நேர்காணலுக்குப் போகிறவர்போல நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தார்.

“இந்த ஒரு தடவை மட்டும் நிக்க வெச்சுடுங்க தம்பி. இது போச்சுன்னா இந்த வயசுல எனக்கு வேற யாரும் வேலை தர மாட்டாங்க.”

“பதறாதீங்கக்கா. நீங்க உள்ள போய் ஏதாவது வீடியோ ஓட விடுங்க. நான் இங்க பெட்டியை அணைக்கிறேன். அங்க செத்துடும். பத்து எண்ணிட்டுப் போடறேன், உயிர் வரும். வரலைன்னா லேப்டாப்தான் கோளாறுன்னு சத்தியமே பண்ணலாம்.”

ஆறு வருஷமாகச் செய்கிற ஒரே வைத்தியம். பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியின் பச்சை விளக்குகள் செத்தன. உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த செய்தி வாசிப்பவளின் குரல் ஒரு நொடி தடுமாறி நின்றது. பிறகு, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி வாசித்தது.

“தம்பி, இன்னும் அணைக்கலையா?”

“அணைச்சாச்சுக்கா.”

“ஓடுதே.”

“மிச்சம் மீதி ஓடும்.”

“ரெண்டு நிமிஷமா ஓடுது தம்பி. இதென்ன தண்ணித் தொட்டியா, குழாயை மூடின பிறகும் சொட்ட?”

கண்டக்டர் எழுந்தே வந்துவிட்டார். “பஸ்ஸு ஷெட்டுல நிக்குது. பயணி மட்டும் ஊர் போய்ச் சேந்துட்டாரு. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் பாக்கலைப்பா இந்த அதிசயத்தை.”

அணைச்சுப்போடு பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளறைக்குப் போனான். திரையின் ஓரத்தில் ‘ஹோம்’ என்று இருந்தது. சிக்னல் கோடுகள் நன்றாகவே இருந்தன. கையில் பிளக், எதிரே நெட். அந்த நேரத்தில் மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவன் மெதுவாக அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

“மேல யாருக்கா?”

“பல் டாக்டர். நீங்கதானே பெட்டி மாட்டினீங்க?”

“எத்தனை மணிக்கு வெளிய போவார்?”

“பத்து மணிக்கு கிளினிக். போகும்போது ஒரு சுவிட்சு விடாம அணைச்சுட்டுப் போவார். ஒண்ணரைக்குச் சாப்பிட வந்தா, மறுபடி அஞ்சு மணிக்குத்தான் கிளம்புவார்.” சொல்லிக்கொண்டே வந்த அக்கா நிறுத்தினார். நோட்டை எடுத்துப் பிரித்து அவன் மூக்குக்கு நேரே பிடித்தார். “பத்துல இருந்து ஒண்ணரை வரைக்கும் ஒரு நாள்கூட அறுந்து போகல. திங்கக்கிழமையே காட்டினேன். நீங்க சிரிச்சீங்க.”

விஷயம் அவ்வளவுதான். மேலேயும் கீழேயும் இரண்டு பெட்டி, ஒரே பெயர், ஒரே சாவி. லேப்டாப் இரண்டையும் தன் வீடு என்றே நினைத்தது. கொஞ்ச நேரம் இதன் கையைப் பிடித்தது, கொஞ்ச நேரம் அதன் கையைப் பிடித்தது. கை மாறுகிற ஒவ்வொரு முறையும் பேச்சு அறுந்தது. போன்களும் இப்படித்தான் தாவிக்கொண்டிருந்தன. போனில் வட்டம் சுற்றினால் ஜனங்கள் கம்பெனியைத் திட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். பரீட்சை காத்திருக்காது.

“மேல் வீட்டுப் பெட்டிக்கும் நம்ம பெட்டிக்கும் எப்படித் தம்பி ஒரே பேரு?”

“அது... கம்பெனியில இருந்தே அப்படித்தான் வருதுக்கா.” பொய் வாய்க்குள் தயாராகத்தான் இருந்தது.

“பாஸ்வேர்டும் கம்பெனியில இருந்தே வருதா? அது உங்க போன் நம்பராச்சே.”

வயர் வளைக்கத் தெரிந்தவனுக்கு இந்த மூலையில் வளைக்கத் தெரியவில்லை. கண்டக்டர் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

மணி இரண்டே முக்கால். “பேச நேரம் இல்ல. மாத்துங்க” என்றார் அக்கா.

பெட்டியை மறுபடி உயிர்ப்பித்துத் தன் போனில் அதன் அமைப்புகளைத் திறந்தான். பெயர் கேட்டது. பல வருஷமாக ஒரே சொல்லை அடித்த விரல் தானாக அந்த எழுத்துக்கே போனது. கண்டக்டர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“என்ன பேருக்கா வைக்க?”

“மூணு மணின்னு வைங்க. பாஸ்வேர்டை நான் அடிச்சுக்கறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

திரும்பி நின்றான். அவன் மாட்டிய பெட்டி, அவன் இழுத்த வயர், சுவரைப் பார்த்து நிற்கிறான், வீட்டுப் பாடம் எழுதாதவன் மாதிரி. பிறகு லேப்டாப்பின் ஞாபகத்திலிருந்து பழைய ‘ஹோம்’ஐ அழித்தான். மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

அவன் நைசாகப் பையைத் தூக்கினான். கண்டக்டர் வாசலை அடைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “எங்க? டெர்மினஸ் வர்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது.”

ஒன்றேகால் மணி நேரம். கதவுக்கு அந்தப் பக்கம் விசைகள் விழும் சத்தம். அது நின்ற போதெல்லாம் இவனுக்கு மூச்சு நின்றது, தொடர்ந்தபோது வந்தது. நடுவில் அவன் போன் இரண்டு முறை அடித்தது. நெட் வரவில்லை என்றுதான் இருக்கும். பல வருஷத்தில் முதல் தடவையாக என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் சத்தத்தை அணைத்தான்.

கதவு திறந்தது. அக்காவின் முகமே சொல்லிவிட்டது. “ஒரு தடவைகூட அறுந்து போகல. திங்கக்கிழமையில இருந்து வேலை ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க.”

அந்த நிமிஷத்தில் அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்ததைப் பார்க்க வேண்டும். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள், இவன் வால் தானாக நிமிர்ந்தது. “நான்தான் அப்பவே சொன்னேனேக்கா, பதறாதீங்கன்னு.”

“நீங்க அன்னிக்குச் சொன்னது, லேப்டாப் டப்பான்னு. உங்க பேச்சைக் கேட்டு ஒரு நல்ல மனுஷனைத் திருடன்னேன்.” செருப்பை மாட்டினார். “கிளம்புங்க, கடைக்கு.”

“நான் எதுக்குக்கா?”

“வாங்க.”

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அக்கா நேரே உள்ளே போய், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: “அன்னிக்கு உங்களைத் திருடன்னு சொன்னது என் தப்பு. மன்னிச்சுக்கங்க. லேப்டாப் நல்லா இருக்கு, மாத்த வேண்டாம். கோளாறு எதுல இருந்துச்சுன்னு இவர் சொல்வார்.”

அணைச்சுப்போடு இருமினான். பாதியை விழுங்கி, பாதியைத் துப்பி, ஒரே பெயர் கதையைச் சொல்லி முடித்தான். கடைக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தன் மேஜைக்குக் கீழே மினுக்கிய பெட்டியைப் பார்த்தார். பக்கத்துச் சுவரைப் பார்த்தார்; அதற்கு அந்தப் பக்கம் மருந்துக் கடை.

“இதையும் நீங்கதான் மாட்டினீங்க. அதையும் நீங்கதான் மாட்டினீங்க,” என்றார். “பில் போடும்போதெல்லாம் அறுந்து போகுதுன்னு மூணு மாசமா உங்களுக்கு போன் பண்றேன். என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

அவனுக்கு மட்டுமா, கடையில் நின்ற அத்தனை பேருக்கும் ஞாபகம் இருந்தது. பின்னால் ஒருத்தர் அதை அவன் குரலிலேயே சொல்லிக்காட்டினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அணைச்சுப்போடு பையைக் கீழே வைத்து, மேஜைக்குக் கீழே மண்டியிட்டுத் தலையை நுழைத்தான். வெளியே தெரிந்தது முதுகும் இரண்டு பாதமும்தான்.

“பேர் என்ன வைக்கலாம்?” என்றார் கடைக்காரர், அந்த முதுகைப் பார்த்து.

“அவர்கிட்ட மட்டும் கேக்காதீங்க,” என்றார் அக்கா.