பால் எடுக்கக் கூவினேன்

பேய், பிசாசு, முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் அடுப்பில் உலை வைக்கிற ஆள் நான். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சாமி வந்து ஆடியவரிடமே, "சாமி, கொஞ்சம் தள்ளி ஆடுங்க, புள்ளைங்க நிக்குது" என்று சொன்னவள். அப்படிப்பட்டவள் இதைச் சொன்னபோது எங்கள் லயத்து வீடுகளில் ஒருத்தரும் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், பாதியில் மட்டும் எழுந்து போகாதீர்கள்.

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் நான். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விடியலில் ஆளுக்கொரு பக்கம் மரங்களைக் கீறிச் சிரட்டை வைத்து வருவோம். பால் வடிந்து நின்றதும் ஒருவர் மேட்டில் நின்று நீளமாக "ஹூ" என்று கூவ வேண்டும். மலையில் சிதறிக் கிடக்கிற ஒவ்வொருவரும் பதிலுக்குக் கூவிவிட்டு, பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு நிறுக்கிற இடத்துக்கு இறங்குவார்கள். பனியில் முகம் தெரியாது, பதில் குரலை வைத்துத்தான் ஆள் நல்லபடியாக இருக்கிறது என்று தெரியும். நிறுத்து முடிந்ததும், கூவியவர்தான் "போகலாம்" என்று கலைக்க வேண்டும். வேறு யார் சொன்னாலும் ஆள் நகராது. கங்காணிக்குத் தொண்டை கரகரப்பு, எனக்கோ அடுத்த மலைக்கும் கேட்கிற தொண்டை, அதனால் கூவுகிற வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் இந்தத் தொண்டை படுத்தும் பாட்டை என் புருஷன் செல்வத்திடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

என் தம்பி கண்ணன் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைக்குப் போய் வளர்த்தது நான். அவன் பேசுவதற்கு முன்பே கூவப் பழகியவன். அவன் கூவினால் நடுவில் குரல் ஒருமுறை உடைந்து மேலே போகும், ஆயிரம் பேரில் எனக்குத் தெரியும். அவனும் வளர்ந்து எங்களோடு பால் வெட்டினான். பிறகு கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை கிடைத்தது. சண்டை நிறுத்தம் வந்து ரோட்டில் செக்பாயிண்ட் எல்லாம் குறைந்திருந்த நேரம்தான், ஆனாலும் தமிழ்ப் பையனைத் தனியாகக் கொழும்புக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. போவதற்கு முன்பு ஒருநாள் மூன்று பேரும் எங்காவது போய்ச் சிரித்துவிட்டு வரலாம் என்று செல்வம்தான் சொன்னார்.

பௌர்ணமிப் போயா லீவில் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பள்ளத்தாக்கில் ஒரு சின்னக் காடு. அரசாங்கம் வேலி போட்டு, டிக்கட் குடிசை வைத்து, ஆற்றோரம் சிமெந்து பெஞ்ச் போட்டுப் பூங்கா என்று பேர் வைத்திருந்தது. கேட்டில் ஒரு வயசான சிங்களவர். டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "நோனா, ஹூ கியன்ட எபா" என்றார். உள்ளே போய்க் கூவக் கூடாதாம். குருவிகள் பயந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். "என்னோட தொண்ட இவருக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டேன். "மூஞ்சியிலயே எழுதியிருக்கு," என்றார் செல்வம்.

உள்ளே கொஞ்ச தூரத்திலேயே ரப்பர் மரங்களைப் பார்த்தேன். காட்டு மரங்களுக்கு நடுவில், கொடி சுற்றி, பருத்துப் போன கிழட்டு மரங்கள். பட்டையில் கீறின தழும்பு இருந்தது, ஆனால் மூடி, தடித்து, பாசி பிடித்துவிட்டது. எந்தக் காலத்திலோ இது தோட்டமாக இருந்திருக்கிறது என்று கண்ணனிடம் சொன்னேன். "லீவு நாள்லயும் ஒனக்கு மரந்தானா அக்கா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆற்றோரம் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். வெயில் நன்றாகத்தான் இருந்தது. கண்ணன் ஆற்றில் பாறை பாறையாகத் தாவிக்கொண்டு மேலே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் மங்கி, மேலேயிருந்து பனி இறங்கி, சிமெந்து பெஞ்ச் கூடத் தெரியாமல் போனது. ஆற்றைப் பார்த்தேன். தெளிவாக ஓடின தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. இந்தப் பக்கத்து ஆறுகள் தெரிந்தவர்களுக்கு அது போதும். மலையில் எங்கேயோ அடித்துப் பெய்கிறது, தண்ணீர் வரப்போகிறது. என் தம்பி ஆற்றுக்கு நடுவில் ஏதோ ஒரு பாறையில் இருக்கிறான்.

"கண்ணா! கண்ணா!" என்று கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் பேர் கரைந்துபோனது. செல்வம் கரையோரம் ஓடினார். கேட்டுக்காரர் சொன்னது ஞாபகமே இல்லை, இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். பெஞ்சின் மேல் ஏறி நின்று, மலையில் பால் எடுக்கக் கூவுகிற மாதிரி முழுத் தொண்டையில் கூவினேன்.

பதில் வந்தது. நடுவில் உடைந்து மேலே போகிற அதே குரல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது குரல் வந்தது. அந்தக் கரையிலிருந்து ஒரு பொம்பளைக் குரல். அடுத்தது இருமல் கலந்த ஒரு கிழக்குரல். பிறகு மேலே, அதற்கும் மேலே. சுற்றுலா வந்த யாரோ கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கேலி செய்கிறவர்கள் ஒன்றாகக் கூவுவார்கள். இவர்கள் ஒருவர் முடித்த பிறகு ஒருவர், தத்தம் மரத்தடியில் நின்று பதில் சொல்கிற மாதிரி கூவினார்கள். பிறகு குரல்கள் நின்று, வாளிப் பிடிகள் உரசுகிற சத்தம் இறங்கி வந்தது. நான் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அது, எனக்குத் தப்பாது.

கண்ணன் வந்தான். போனது ஆற்று வழியாக, வந்தது காட்டுக்குள்ளிருந்து. வலது தோள் கீழே சாய்ந்து, கை உடம்பை விட்டு விலகி, நிறைந்த வாளி தூக்கி வருகிறவன் நடக்கிற மாதிரி நடந்தான். கையில் ஒன்றுமில்லை.

"எங்கடா போன?"

"நீதான கூப்புட்ட? எறங்குன்னு சொன்னாங்க, அவங்களோட வந்துட்டேன்."

"யாரோட?"

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். "நிக்கிறாங்களே அக்கா."

பனிதான் நின்றது. நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன், செல்வமும் பின்னால் வந்து சேர்ந்தார். சிரிக்காதீர்கள், அந்த ஓட்டத்திலும் நான் மரத்தைப் பார்த்தேன். பாசி பிடித்து மூடியிருந்த தழும்பு ஈரமாகப் பளபளத்தது. தொட்டேன். விரலில் பிசுக்கென்று ஒட்டியது. பால் காலையில் ஓடுகிறது, மத்தியானத்துக்கு மேல் எந்த மரமும் இப்படித் தராது. கீறாத மரம் எப்போதுமே தராது. அப்போதுதான் பின்னால் தண்ணீர் வந்தது, மரம் முறிகிற சத்தத்தோடு. கண்ணன் நின்ற பாறைகள் எல்லாம் அதற்கு அடியில் போயிருக்கும்.

கேட்டுக்காரர் எங்களை வெளியே விட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். "யன்ட, யன்ட" என்று, போகச் சொல்லிக் கையை மட்டும் ஆட்டினார். ரோட்டு வளைவில் திரும்பிப் பார்த்தேன். கேட்டை மூடாமல், ஒதுங்கி நின்று பிடித்துக்கொண்டே இருந்தார், பின்னால் இன்னும் ஆட்கள் வருகிற மாதிரி.

யட்டியாந்தோட்டை பஜாரில் எனக்குத் தெரிந்த பலசரக்குக் கடை முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார். பிறகு அவரிடம் கேட்டேன். அவருடைய வாப்பா காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டம் இருந்ததாம். நாள் கணக்கில் பெய்த மழை விட்ட ஒரு காலையில், ஆட்கள் பால் எடுத்துக்கொண்டு இருக்கும்போது மலை சரிந்து இறங்கியதாம். "கேள்விப்பட்டதுதான் தங்கச்சி, உண்மையோ பொய்யோ அல்லாவுக்குத்தான் வெளிச்சம்," என்றார். நானும் கதை என்றுதான் இருந்தேன்.

கண்ணன் கொழும்புக்குப் போனான். வேலை நல்ல வேலை, முதலாளி நல்ல மனுஷன், ஒரு குறையும் இல்லை. ஆனால் முன்பகலில், மலையில் பால் எடுக்கிற நேரத்தில், கடைக்குள் திடீரென்று நிமிர்ந்து பார்க்கிறானாம். அப்புறம் எனக்குப் போன் எடுப்பான். "அக்கா, கூப்புட்டியா?"

நான் கூப்பிடவில்லை. அன்றைக்குப் பிறகு நான் கூவியதே இல்லை. கங்காணியிடம் தொண்டை போய்விட்டது என்று பொய் சொல்லிவிட்டேன்.

செல்வம் ஒரே பேச்சாகச் சொல்கிறார். "நீதான் கூப்புட்ட, நீதான் கலைக்கணும். போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரு, அதுங்களும் பாவம்." தெரியும். என் தம்பியைத் தண்ணீர் வருவதற்கு முன்னால் இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அவர்கள்தான், எனக்கு நன்றி இல்லாமல் இல்லை. ஒருமுறை அந்தக் கேட்டு வரைக்கும் போனேன். மழைக்குப் பாதை சரிந்து, பூங்காவைப் பூட்டியிருந்தார்கள், கேட்டுக்காரரும் இல்லை. வெளியே நின்று சொன்னாலும் என் குரல் உள்ளே கேட்கும். வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. என் கூவலுக்கு முதலில் பதில் சொன்னவன் கண்ணன். "போகலாம்" என்று நான் சொன்னால் எல்லாரும் வந்த இடத்துக்குத் திரும்பிப் போவார்கள். அவன் யாரோடு போவான்?

வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

போன வாரமும் போன் வந்தது. கடைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நான் ஹலோ சொல்வதற்குள் அவனே பேசினான், களைத்துப் போன குரலில். பிறகு கேட்டால், அன்றைக்கு எனக்குப் போனே எடுக்கவில்லை என்கிறான், ஆனால் என் காதில் விழுந்தது இதுதான்.

"அக்கா, பாலெல்லாம் ஒறைஞ்சிருச்சாம். எப்ப வீட்டுக்குப் போறதுன்னு கேக்குறாங்க."