எழுபத்திரண்டு தோப்புக்கரணம்

புதுச்சத்திரம் பக்கம் ஒரு போர்டு பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் அவர். ஒல்லி உடம்பு, தொடை மட்டும் பயில்வான் தொடை. அறுபது பையன்கள் ஒரே அறையில் கத்தினால் எவனுக்கும் பைத்தியம் பிடிக்கும். நான் பிரம்பை எடுப்பேன். அவரோ தன் காதையே பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவார். பையன்கள் எண்ணுவார்கள். பத்து போடுவதற்குள் அவர் கோபம் இறங்கிவிடும்.

“ஏனுங்க, இதென்ன கூத்து?” என்று கேட்டேன்.

“கையைச் சும்மா உட்டா அடிச்சுப்போடுமுங்க. அதான் காதுல கட்டிப்போட்டுக்கறனுங்க” என்றார்.

ஒருநாள் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தார். கரும்பலகையில் எழுத்து கோணலாக இருக்கிறதாம். அதற்காகப் பையன்கள் முன்னாலேயே வாத்தியாரைக் கழுதை என்றார். வேலையைப் பிடுங்கிவிடுவேன் என்று கத்தினார். வாத்தியார் முகம் சிவந்தது. இரண்டு கையும் காதுக்குப் போயின. தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டருக்கு ஒரே பூரிப்பு. “இதுதானய்யா பணிவு!” என்று சொல்லி, அதையே நோட்டிலும் எழுதிவிட்டுப் போனார்.

அவர் வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் பையன்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எழுபத்திரண்டில்தான் வாத்தியார் நின்றார்.

வேலை தப்பியது, சரி. ஆனாலும் அன்றைக்கு ஒரு கையையாவது அவர் காதிலிருந்து எடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.