கரையில் கடித்த பாம்பு

பாம்புக்கடிக்கு ஊசி இருக்கிறது என்பது எங்கள் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எந்தப் பாம்புக்கு என்பதுதான் தெரியாது.

அன்று காற்று பலமாக அடிக்கும் என்று, கடலுக்குப் போகப் படகுகளுக்கு மீன்துறையில் கொடுக்கும் அனுமதி டோக்கனை நிறுத்தியிருந்தார்கள். டோக்கன் இல்லாமல் கடலுக்குப் போய் மாட்டினால் மானிய டீசல் நின்றுவிடும். அதற்கெல்லாம் அசருகிற ஆளா எங்கள் படகுக்காரச் சம்மாட்டி? விடியும்போதே என் தம்பியையும் இன்னொருவனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக் கொடுத்து அனுப்பியதே அக்கா நான்தான்.

மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். "லாத்தா, ஒங்க தம்பிய முள்ளுக்காட்டுல பாம்பு கடிச்சிருச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாக."

கடலுக்குப் போனவனை முள்ளுக்காட்டில் எப்படிப் பாம்பு கடிக்கும்? யா அல்லாஹ் என்று ஆட்டோவில் ஏறினேன்.

வார்டு வாசலிலேயே சம்மாட்டி என்னை மறித்துவிட்டார். வலையில் மீனோடு கடல் பாம்பும் வந்திருக்கிறது. உதறும்போது தம்பியின் கையில் கடித்துவிட்டது. பெரிதாக வலிக்கவில்லை என்று இன்னொரு தடவையும் வலை இழுத்துவிட்டுத்தான் கரைக்கு வந்திருக்கிறார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தா புள்ள, கரையில கடிச்சதுன்னு சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லு. ஊசியெல்லாம் போட்டுட்டாக. எந்தப் பாம்பா இருந்தா என்ன, வெசம் வெசந்தான?"

உள்ளே தம்பியால் இமையைத் தூக்க முடியவில்லை. தாடை இறுகிப் பேச்சும் வரவில்லை. தொட்டாலே முனகினான். பாட்டிலிலிருந்து மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பை கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அவன் முழங்கையில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக்கூடத் துடைத்துவிடாமல் பொய் சொல்லியிருக்கிறார்கள், பாவிகள்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு மருந்து ஏத்தியும் கேக்கலையே. எங்க வச்சுக் கடிச்சுச்சு?"

"முள்ளுக்காட்டுலதான் டாக்டரம்மா," என்றார் சம்மாட்டி, வாய் கூசாமல்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "பச்சைப் பொய்! கடல்ல கடிச்சது. வலையில வந்த பாம்பு. படகக் காப்பாத்திக்கிறதுக்காக எந்தம்பியச் சாகக் குடுக்கப் பாக்குறாரு இந்த மனுசன்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

"அப்ப இவ்வளவு நேரமா நான் எந்தப் பாம்புக்கு வைத்தியம் பாத்துக்கிட்டிருந்தேன்?"

அந்த ஊசி தரைப் பாம்புகளின் விஷத்தை முறிக்கத்தானாம். கடல் பாம்பு விஷத்துக்குக் கேட்காது, அதற்கான மருந்து நம் பக்கம் எங்கேயும் கிடைக்காது என்றாள். சதை சிதைந்து கிட்னியை அடைக்கிறது, மூச்சும் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம், செயற்கை மூச்சும் டயாலிசிஸும் வைத்துத்தான் பிழைக்க வைக்கவேண்டும், உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றாள். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்நேரம் மதுரையில் இருந்திருப்பான்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது சம்மாட்டி டாக்டரம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சீட்டுல கடல்னு எழுதித்தான் ஆகணுமா?" அவர் நல்லா இருக்கட்டும்.

தம்பி பிழைத்தான். தொண்டைக் குழாயை எடுத்து, பேச்சு திரும்பிய பிறகு அவன் என்னிடம் கேட்டது, "ஏன் லாத்தா சொன்னீக?" படகுக்கு டீசல் நின்றுபோயிருந்தது. எங்களை ஊரில் காட்டிக்கொடுத்த குடும்பம் என்றார்கள். வேறு எந்தப் படகிலும் அவனை ஏற்றவில்லை. கடைசியில் அதே சம்மாட்டியின் வாசலில் போய் நின்று, அதே படகில் ஏறினான். இன்னும் அதில்தான் போகிறான்.

போன வாரம் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் சாப்பிடும்போது கேட்டார், அந்தப் பாம்பு எங்கே கடித்தது என்று. நான் ஆக்கிப் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னை எதிரில் வைத்துக்கொண்டே தம்பி சொன்னான்:

"முள்ளுக்காட்டுல மாமா. கரையிலதான்."